எந்த வசனம் எனக்கான பதில்?

கேள்வி: வேறு ஊரில் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. போகலாமா வேண்டாமா என்று கர்த்தரிடம் கேட்டு, தினமும் காலை ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறக்கிறேன். ஒரு நாள் ஆபிரகாம் புறப்பட்டுப் போன பகுதி வருகிறது. மறுநாள் ‘நீங்கள் அமர்ந்திருந்து’ என்ற சங்கீதம் வருகிறது. ‘நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்’ என்றவர் எனக்கு மட்டும் ஏன் வழி காட்டவில்லை? சொத்துப் பிரிவினைக்குப் பிறகு தங்கையோடும் பேச்சில்லை, கலந்துகொள்ளவும் ஆளில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

கடிதம் முழுக்க வேலையைப் பற்றித்தான். தங்கையைப் பற்றி ஒரே வரி, அதுவும் போகிற போக்கில். எனக்கென்னவோ அந்த வரியில்தான் கண் நின்றது. அதற்கு முன், வேதத்தைத் திறந்து பார்க்கும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இதற்குப் பலரும் பழங்காலத் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டீனைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் அழுதுகொண்டிருந்தபோது, ‘எடுத்து வாசி’ என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டது. அப்போஸ்தலன் பவுலின் நிருபத்தை, அதாவது கடிதத்தை, திறந்தார். கண்ணில் பட்டது ரோமர் 13:13, 14. உண்மைதான். ஆனால் எந்த ஊருக்குப் போவது, எந்தப் பதவியை ஏற்பது என்றெல்லாம் அந்த வசனம் அவருக்குச் சொல்லவில்லை. விடவேண்டும் என்று பல வருடங்களாக அவருக்கே தெரிந்திருந்த வாழ்க்கையை விடச் சொன்னது, அவ்வளவுதான். அதை நீங்களும் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். பகலிலே நடக்கிறவர்கள்போல் சீராய் நடப்போம் என்று சொல்லி, வெறியையும் காமவிகாரத்தையும் விலக்கும் அதே மூச்சில் வாக்குவாதத்தையும் பொறாமையையும் விலக்குகிறது. முன்னதைப் பாவம் என்கிறோம். பின்னதைக் குடும்ப விவகாரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம்.

யோவான் இன்னும் கடுமை. ஒளியிலே இருக்கிறேன் என்று சொல்லியும் தன் சகோதரனைப் பகைக்கிறவன் இதுவரைக்கும் இருளிலே இருக்கிறான் என்கிறார் (1 யோவான் 2:9). நீங்கள் தங்கையைப் பகைக்கிறீர்கள் என்று நான் சொல்லவரவில்லை. அதை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆனால் கிறிஸ்து உங்களுக்கு வழியே காட்டவில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று சொல்லியிருக்கிறார் (மத்தேயு 5:23, 24). நீங்கள் கேட்டது வேறு விஷயத்துக்கு என்பதுதான் சிக்கல்.

ஆகவே தங்கைக்குப் போன் செய்யுங்கள். தயவுசெய்து வசனம் அனுப்பித் தொடங்க வேண்டாம்; சண்டைக்குப் பின் வரும் வசனம் குத்தலாகத்தான் படும். சொத்துப் பேச்சையும் அன்றைக்கு எடுக்காதீர்கள். நலம் விசாரியுங்கள். உங்கள் பக்கம் தவறு இருந்தால், காரணம் அடுக்காமல் மன்னிப்புக் கேளுங்கள். அவர் பேச மறுக்கலாம். ‘கூடுமானால் உங்களாலானமட்டும்’ எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுலும் எழுதினார் (ரோமர் 12:18). தங்கை செய்யவேண்டியதையும் சேர்த்து நீங்களே செய்துவிட முடியாது.

இனி வேலை. அன்று ஆசியா என்று அழைக்கப்பட்ட ரோமானிய மாகாணத்தில் வசனம் சொல்லவிடாமல் பவுலை ஆவியானவர் தடுத்தார். பித்தினியாவுக்குப் போக முயன்றார்கள், அதுவும் நடக்கவில்லை. துரோவாவுக்கு வந்த பிறகுதான் மக்கெதோனியா மனுஷன் ஒருவன் தரிசனத்தில் தோன்றி, தன் நாட்டுக்கு வந்து உதவும்படி அழைத்தான் (அப்போஸ்தலர் 16). அதற்குள் எவ்வளவு தூரம் நடந்துவிட்டார்கள் பாருங்கள்! தரிசனம் கிடைத்த பின்னும், உடனிருந்தவர்களும் சேர்ந்தே நிச்சயித்தார்கள். நீங்கள் எடுத்துக்காட்டிய ‘ஒளியாயிருக்கிறேன்’ வசனத்திலும் (யோவான் 8:12), தன்னைப் பின்பற்றுகிறவனுக்குத்தானே ஆண்டவர் ஜீவஒளியை வாக்களித்தார்? நடக்கத் தொடங்குமுன்பே முழுப்பாதையும் தெரியவேண்டும் என்று அடம்பிடித்தால் அந்த வாக்கு நமக்கு எப்படிப் பலிக்கும்?

அந்தப் பதவிக்காகப் பொய் சொல்ல வேண்டியிருக்குமா? உங்களை நம்பியிருப்பவர்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஜெபத்துக்கும் சபைக்கும் நேரமே மிஞ்சாதா? இவற்றை எழுதி வைத்துக்கொண்டு, உங்கள் முகத்துக்கு நேராக உண்மை பேசக்கூடிய ஒரு மூத்த விசுவாசியிடம் பேசுங்கள். ஆமாம் போடுகிறவர் வேண்டாம். தடையாக எதுவும் தெரியவில்லையென்றால், போவதும் போகாததும் உங்கள் விருப்பத்துக்கே விடப்பட்ட காரியம் என்பது என் எண்ணம். அடையாளம் வரவில்லை என்று அலுவலகத்தில் மேலும் அவகாசம் கேட்காதீர்கள். அவர்கள் குறித்த தேதிக்குள் பதிலைக் கொடுத்துவிடுங்கள்.