என்.பி.ஏ. அணியைத் திரும்பக் கட்டுவது: எத்தனை ஆண்டு பொறுக்கலாம்? (கேள்வி பதில்)

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரில் சரிந்துபோன ஓர் அணியைத் திரும்பக் கட்டும்போது, தோல்விகளைப் பொறுத்துக்கொண்டு இளைஞர்களை வளர்ப்பதா, கையில் இருப்பதையெல்லாம் கொடுத்து இப்போதே வெல்லப் பார்ப்பதா என்று நண்பர்கள் பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருளில் அமைந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். புதிதாக வருவோருக்கு ஒரு சிறு விளக்கம்: ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுத்துக்கொள்ளும் நிகழ்ச்சி டிராஃப்ட், அந்த வரிசையில் ஓர் அணிக்கு உரிய இடத்தைத் தேர்வுரிமை என்று எழுதுகிறேன். இனி வரப்போகும் ஆண்டுகளின் தேர்வுரிமையைக்கூட வேறோர் அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு ஆட்டக்காரரைப் பெறலாம். இந்த விவாதம் முழுவதும் அந்தப் பண்டமாற்றைச் சுற்றியே நடக்கிறது.

கேள்வி: ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2025இல் கோப்பை வென்றதைப் பொறுமையின் வெற்றி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதை அப்படியே ஏற்கலாமா?

பதில்: பாதியை ஏற்கலாம். 2019 ஜூலையில் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி, நட்சத்திர ஆட்டக்காரர் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்கு அனுப்பி, என்.பி.ஏ.வில் ஒரே ஒரு சீசன் ஆடியிருந்த ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும், டனிலோ கலினாரியையும், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும், இரண்டு ஆண்டுகளில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் (அந்த அணியின் டிராஃப்ட் இடம் மேலானதாக இருந்தால் தன் இடத்தைக் கொடுத்து அதை எடுத்துக்கொள்ளலாம்) பெற்றார். அதன்பின் அணி 2020-21இல் 22 ஆட்டங்களையும், 2021-22இல் 24 ஆட்டங்களையும் மட்டுமே வென்றது. 2021 டிசம்பர் 2 அன்று மெம்பிஸில் 152-79 என்று, அதாவது 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது, என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப் பெரிய தோல்வி அதுதான். மெம்பிஸின் நட்சத்திரமான ஜா மொரான்ட் அன்று ஆடவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இரவின் கசப்பு புரியும். அப்படியொரு தோல்விக்குப் பிறகும் பயிற்சியாளர் மார்க் டேக்னால்ட்டை அவர்கள் மாற்றவில்லை. 2024இல் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்குக் கிடைத்தது. கிளிப்பர்ஸ் கொடுத்த தேர்வுரிமைகளில் ஒன்று 2022இல் 12ஆம் இடமாக வந்தது. அதில் எடுக்கப்பட்டவர்தான் ஜேலன் வில்லியம்ஸ்.

எல்லாரும் சொல்லும் கதை இதோடு முடிகிறது. நான் அதிகம் மதிப்பது 2024 ஜூனில் நடந்ததை. அந்த ஆண்டு 57 ஆட்டங்களை வென்றிருந்த அணி, சீசன் முடிவில் முன்னணி அணிகள் கோப்பைக்காக மோதும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்றில் டல்லாஸிடம் தோற்றது. தண்டர் 2021இல் ஆறாம் இடத்தில் எடுத்து வளர்த்த ஜாஷ் கிடியை எதிரணி வெளிவட்டத்தில் காவலின்றி விட்டுவிட்டு மற்றவர்களை நெருக்கியதால், தொடரின் நடுவிலேயே அவரைத் தொடக்க ஐவரிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 21 வயதான கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து, 30 வயதான அலெக்ஸ் கரூசோவைப் பிரெஸ்டி வாங்கினார். ஐந்தாண்டு காத்திருந்தவர், எதற்காகக் காத்திருந்தாரோ அந்த நாள் வந்துவிட்டது என்று கண்டதும், தாமே வளர்த்த பையனைக் கொடுக்கத் தயங்கவில்லை. அடுத்த ஆண்டு டென்வருக்கு எதிரான இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில், தம்மைவிட அரை அடி உயரமான நிகோலா யோகிச்சைக் காத்து நின்றவர் அந்தக் கரூசோதான். தண்டர் 125-93 என்று வென்றது.

கேள்வி: பிலடெல்பியாவும் இதையே செய்ததே? அவர்களுக்கு ஏன் கோப்பை கிட்டவில்லை?

பதில்: 2013இல் பொது மேலாளராகப் பொறுப்பேற்ற சாம் ஹிங்கியின் கீழ் அந்த அணி மூன்று சீசன்களில் முறையே 19, 18, 10 ஆட்டங்களை வென்றது, மொத்தம் 246 ஆட்டங்களில் 47 வெற்றிகள். 2014இல் மூன்றாம் இடத்தில் எடுத்த ஜோயல் எம்பீட் காயத்தால் முதல் இரண்டு சீசன்களிலும் களம் இறங்கவில்லை. 2016 ஏப்ரலில், 13 பக்கக் கடிதம் ஒன்றை எழுதிவைத்துவிட்டு ஹிங்கி விலகினார். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கவில்லை என்பது அந்த அணியின் உரிமையாளர்களுக்கு அப்படியே பொருந்தும். அடுத்த ஆண்டே மூன்றாம் இடத்தோடு எதிர்காலத் தேர்வுரிமை ஒன்றையும் சேர்த்துப் பாஸ்டனுக்குக் கொடுத்து, முதல் இடத்துக்கு நகர்ந்து மார்கெல் ஃபல்ட்ஸை எடுத்தார்கள். அந்த மூன்றாம் இடத்தில் பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டமை.

ஆனால் ஹிங்கியிடமும் குறை உண்டு. தோற்பதை அவர் திட்டமாக வகுத்தார். தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் இளைஞர்களுக்கு ஆட்டத்தைக் கற்றுத்தர அனுபவசாலிகளைப் போதிய அளவில் வைக்கவில்லை.

கேள்வி: கடைசி இடத்தில் முடித்தால் சிறந்த இளைஞர் கிடைப்பார் என்ற கணக்காவது சரிதானா?

பதில்: முன்பு ஓரளவு சரி. வரிசையைக் குலுக்கல்தான் முடிவுசெய்கிறது. 2018 வரை கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்கும் வாய்ப்பு 25 சதவீதமாக இருந்தது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீதம். மிக மோசமான அணி ஐந்தாம் இடம் வரை சரியலாம். 2023, 2024 ஆண்டுகளில் டெட்ராய்ட்டும் 2025இல் யூட்டாவும் அப்படியே சரிந்தன. அதே 2025இல் வெறும் 1.8 சதவீத வாய்ப்பு வைத்திருந்த டல்லாஸுக்கு முதல் இடம் விழுந்து, கூப்பர் ஃபிளாக் கிடைத்தார். அதற்கு மூன்று மாதம் முன்புதான், 25 வயதான லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்து, 31 வயதான ஆந்தணி டேவிஸை ‘இப்போதே வெல்வதற்காக’ வாங்கியிருந்தார்கள். குலுக்கலுக்கு நியாயம் தெரியாது.

கேள்வி: நான் சாக்ரமெண்டோ கிங்ஸ் ரசிகன். 2022 பிப்ரவரியில் டைரீஸ் ஹாலிபர்ட்டனைக் கொடுத்து டொமான்டாஸ் சபோனிஸை வாங்கியது தவறா? இன்றும் ஆறவில்லை.

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆயினும் நான் அதை முழுத் தவறு என்று எழுதமாட்டேன். 16 சீசன்கள் தொடர்ச்சியாகப் பிளேஆஃப் காணாத அணி அது. 2018 டிராஃப்டில் டான்சிச் காத்திருக்க, இரண்டாம் இடத்தில் மார்வின் பேக்லியை எடுத்த அணியும் அதுதான். காத்திருந்தும் எடுக்கத் தெரியாவிட்டால் பொறுமை வெறும் காலவிரயம் என்பதற்கு அந்த 16 ஆண்டுகளே சான்று. சபோனிஸ் வந்த மறு சீசனில் 48 ஆட்டங்களை வென்று பிளேஆஃப் நுழைந்தார்கள். ஒவ்வொரு வெற்றிக்குப் பின்னும் அரங்கின் கூரையிலிருந்து வானை நோக்கி ஊதா ஒளிக்கற்றையைப் பாய்ச்சியதும், அதற்காக ஊரே காத்திருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தலைமுறை ரசிகர்கள் முதன்முறையாகக் கண்ட மகிழ்ச்சியை ஏட்டுக் கணக்கில் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

கொடுத்த விலைதான் உறுத்துகிறது. முதல் ஒப்பந்தத்தின் இரண்டாம் ஆண்டில் இருந்த 21 வயது ஆட்ட வகுப்பாளர் ஹாலிபர்ட்டனைக் கொடுத்தார்கள். அவர் 2025இல் இண்டியானாவை இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றார். கிங்ஸோ முதல் சுற்றில் கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்றதற்கு மேல் ஏறவில்லை. 2025 பிப்ரவரியில் தங்கள் முன்னணி ஆட்டக்காரர் டியாரன் ஃபாக்ஸையும் சான் அன்டோனியோவுக்கு அனுப்பிவிட்டார்கள். இண்டியானாவைக் கவனியுங்கள்: அவர்கள் அடிமட்டம் வரை தோற்கவே இல்லை. மற்றவர் அவசரப்படும் நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் ‘இப்போதே வெல்வோம்’ என்பது எப்போதுமே நஷ்டமா?

பதில்: இல்லை. 2018இல் டொராண்டோ, அணியின் செல்லப்பிள்ளையான டிமார் டிரோசனைக் கொடுத்து, ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமிருந்த கவாய் லெனர்டை வாங்கியது. 2019இல் கோப்பை வென்றார்கள். அடுத்த மாதமே அவர் கிளம்பிப் போனார். அதற்காக டொராண்டோவில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

எதிர்ப்பக்கம் புரூக்ளின். 2013இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸ் என்ற இரு மூத்தவர்களுக்காக 2014, 2016, 2018 தேர்வுரிமைகளையும் 2017இல் இடம் மாற்றும் உரிமையையும் பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் வந்த சீசனில் கிடைத்தது ஒரே ஒரு பிளேஆஃப் சுற்று வெற்றி. 2016-17இல் 20 ஆட்டங்களை மட்டும் வென்று கடைசியாக வந்தபோது, அதன் பலனான முதல் இடம் பாஸ்டனுக்குப் போயிற்று. 2024இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அணியின் இரு தூண்களாக நின்ற ஜேலன் பிரவுனும் டேட்டமும் இந்த வியாபாரத்தின் வழியே வந்தவர்கள். டொராண்டோ, தானே அந்தக் கட்டத்தில் வெல்லும் அணியாக இருந்தது. ஒரே ஒரு குறையை நிரப்பியது. புரூக்ளின் தன் வயதை மறந்து கடன் வாங்கியது.

கேள்வி: பொறுமைக்கு எல்லை எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நான் முதலில் ஒப்பந்தத் தேதிகளைப் பார்ப்பேன். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரின் ஆரம்ப ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். ஊதியம் முன்பே வரையறுக்கப்பட்டது. 2024-25இல் ஓர் அணியின் மொத்த ஊதியத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 14 கோடி டாலராக இருக்க, ஜேலன் வில்லியம்ஸ் பெற்றது 50 லட்சம் டாலருக்கும் குறைவு. நட்சத்திரம் ஒருவர் இந்த விலையில் கிடைக்கும்போதுதான் கரூசோ போன்றவர்களுக்குப் பணம் மிஞ்சும். 2025 ஜூலையில் வில்லியம்ஸும் கில்ஜியஸ்-அலெக்சாண்டரும் அதே அணியின் செட் ஹோம்கிரெனும் கையெழுத்திட்ட ஒப்பந்த நீட்டிப்புகள் மூன்றும் சேர்ந்து 80 கோடி டாலரைத் தாண்டக்கூடியவை. ஆகவே நான்காம் ஆண்டு தொடங்கும்போதும் ‘இன்னும் வளர்கிறோம்’ என்று ஓர் அணி சொன்னால், அதன் மலிவு விலைக் காலம் வீணாகிவிட்டது என்று பொருள்.

கேள்வி: தோற்கும் ஆண்டுகளில் டிக்கெட்டுக்கு முழுப் பணம் கொடுப்பவன் என்ன செய்வது?

பதில்: வேண்டுமென்றே தோற்பது ரசிகருக்குச் செய்யும் துரோகம் என்பதே என் கருத்து. 2023 ஏப்ரலில் சிகாகோவுக்கு எதிராக முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைத்ததற்காக டல்லாஸுக்கு 7.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். கோடிகளில் புரளும் அணிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

கேள்வி: அடுத்து எந்த அணியின் பொறுமையைக் கவனிக்க வேண்டும்?

பதில்: சான் அன்டோனியோ. 2023இல் விக்டர் வெம்பன்யாமாவை முதல் இடத்தில் எடுத்தார்கள். முதல் ஆண்டு 22 வெற்றிகள், மறு ஆண்டு 34. ஃபாக்ஸை வாங்கியபோதே ‘இப்போதே வெல்வோம்’ என்ற கதவு பாதி திறந்துவிட்டது. வெம்பன்யாமாவின் ஆரம்ப ஒப்பந்தம் 2026-27 சீசனோடு முடிகிறது. நாட்காட்டியில் நான் வட்டமிட்டு வைத்திருப்பது அந்தச் சீசனைத்தான்.