கனடியர் என்பவர் யார்?

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மகன் கனடியக் குடியுரிமை பெற்றுவிட்டான். அது எல்லா நாட்டாரும் வந்து தங்கும் இடம்தானே, அதற்கென்று தனி அடையாளம் உண்டா? – வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: உண்டு, அம்மா. ஆனால் அது ஒரே மொழியையோ ஒரே மரபையோ நம்பி எழுந்ததன்று. 1947ஆம் ஆண்டு வரை கனடாவுக்கென்று தனிக் குடியுரிமைச் சட்டமே கிடையாது. மேப்பிள் இலைக் கொடி ஏறியதும் 1965இல்தான். 1969இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் சமநிலை ஆட்சிமொழிகளாயின. 1971இல் பிரதமர் பியேர் ட்ரூடோ, பன்முகப் பண்பாட்டை அரசின் கொள்கையாக அறிவித்தார். வந்தவர் தம் பண்பாட்டைக் கைவிடாமலே கனடியராகலாம் என்பதே அதன் சாரம்.

இதை நான் பெரிதும் மதிக்கிறேன். 1914இல் கோமகாட்டா மாரு கப்பலில் வந்த இந்தியரைத் திருப்பியனுப்பிய நாடு அது. அதே நாட்டில், 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை உள்ளூர் மீனவர்கள் மீட்டுக் கரைசேர்த்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது.

எனினும் இந்த அடையாளத்தை எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்வதற்கில்லை. பிரிந்து போவதா என்று 1995இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், பிரெஞ்சு பேசுவோர் மிகுந்த கியூபெக் மாகாணம் மயிரிழையில்தான் கனடாவோடு தங்கியது. உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்டுத் தாய்மொழியை இழந்த பூர்வகுடிக் குழந்தைகளின் நினைவாக, 2021 முதல் செப்டம்பர் 30ஐக் கூட்டாட்சி அரசு விடுமுறை நாளாகக் கடைப்பிடிக்கிறது. குடியேறியவர்களுக்கு இடம் தந்த நிலம் யாருடையது என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை. உங்கள் மகனும் இனி அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர்.