விசிட்டர் விசாவில் வந்த இடத்தில் கல்யாணம்: அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போய் வரலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 27 வயது. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊர். அக்காவின் பிரசவத்துக்காக பி-2 என்ற விசிட்டர் விசா எடுத்தேன். செப்டம்பரில் சென்னையில் நேர்காணல் முடிந்தது, ஜனவரி 12-ஆம் தேதி நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். ஜூலை 11 வரை தங்க அனுமதி கொடுத்தார்கள். மார்ச்சில் குழந்தைக்குப் பேர் வைத்த அன்று மாமாவின் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். நம் பக்கத்துக்காரர், அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர். பேசினோம், பிடித்தது, இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். டவுன் ஹாலில் லைசென்ஸ் எடுத்து, மே 3-ஆம் தேதி கோயிலில் கல்யாணம் நடந்தது.

இப்போது ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். "சிட்டிசன் மனைவிக்கு ஓவர்ஸ்டே எல்லாம் கணக்கே இல்லை, பேசாமல் இரு" என்கிறார்கள் கணவரின் நண்பர்கள். "விசிட்டர் விசாவில் வந்து தாலி கட்டிக்கொண்டால் மோசடி, வாழ்நாள் தடை" என்கிறார் அக்காவின் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. இதற்கு நடுவில் அப்பாவுக்கு ஜூலை முதல் வாரம் மதுரையில் பைபாஸ் ஆபரேஷன். க்ரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு இரண்டு வாரம் போய் வந்துவிடலாமா? பத்து வருட விசாதானே கையில் இருக்கிறது?

இன்னொன்று. போன கார்த்திகையிலேயே அக்கா இவருடைய ஜாதகத்தை அம்மாவுக்கு அனுப்பிப் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். எட்டுப் பொருத்தம் என்று அம்மா போனில் சொன்னார். நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது தப்பாகிவிடுமா?

(பெயர் வேண்டாம்), எடிசன், நியூஜெர்சி

அன்புத் தங்கைக்கு,

கடைசியில் தயங்கி எழுதியிருக்கிறீர்களே, அந்த ஜாதக விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றதற்கெல்லாம் சட்டத்தில் பதில் இருக்கிறது. இதற்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

அது ஏன் முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். விசிட்டர் விசாவில் வந்தவர் அமெரிக்காவில் கல்யாணம் செய்துகொள்வது குற்றமல்ல. பக்கத்து வீட்டு ஆன்ட்டி உங்களைத் தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டார். அதிகாரிகள் பார்ப்பது வேறு: விமானத்தை விட்டு இறங்கிய அன்று உங்கள் மனதில் என்ன இருந்தது, கேட்டபோது என்ன சொன்னீர்கள்? இங்கேயே கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வந்துவிட்டு, "அக்காவைப் பார்க்க வந்தேன், ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன்" என்று சொல்லியிருந்தால் அது பொய்யான தகவல் தந்து நுழைந்ததாகும். அதற்கு நிரந்தரத் தடை உண்டு. ஐ-601 என்ற விலக்கு கேட்கலாம்தான். ஆனால் உங்களைப் பிரிந்தால் கணவருக்குக் கடுமையான துன்பம் நேரும் என்று நிரூபித்தாக வேண்டும், அது எளிதல்ல. அப்படி ஓர் எண்ணம் இல்லாமல் வந்து, இங்கே ஒருவரைச் சந்தித்து மனம் மாறியிருந்தால் அதில் தவறு எதுவும் இல்லை.

தொண்ணூறு நாள் கணக்கு என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2017 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்காகக் கொண்டுவந்த விதி அது. விசிட்டராக வந்தவர் 90 நாளுக்குள் குடிமகனைக் கல்யாணம் செய்து இங்கேயே குடித்தனம் வைத்துவிட்டால், வரும்போதே பொய் சொன்னார் என்று அனுமானிக்கலாம் என்கிறது. க்ரீன் கார்டு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குடியேற்றத் துறையை, அதாவது யுஎஸ்சிஐஎஸ்ஸை, அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அங்குள்ள அதிகாரிகளும் நாளை எண்ணித்தான் பார்ப்பார்கள். உங்கள் கல்யாணம் நடந்தது நீங்கள் வந்து 111 நாள் கழித்து. அது நல்லதுதான், ஆனால் 91-ஆவது நாள் பிறந்ததும் எல்லாப் பாவமும் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இனி ஜாதகம். நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு இருபது ஜாதகமாவது பார்ப்பார்கள், அதில் பத்தொன்பது திரும்பிப் போகும். பொருத்தம் பார்த்ததாலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று நம் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அமெரிக்க அதிகாரிக்கு இது தெரியாது. "வருவதற்கு முன்பே குடும்பங்கள் பேசிவிட்டனவா?" என்று அவர் கேட்டால் "ஆம், ஜாதகம் பார்த்தார்கள், நான் அவரோடு பேசியதில்லை, முடிவு எதுவும் எடுக்கவில்லை, மார்ச்சில்தான் நேரில் பார்த்தேன்" என்பதுதான் பதில். உண்மை அதுதான் என்றால் அப்படியே சொல்லுங்கள். அந்த வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். உங்கள் அக்கா ஒன்று, கணவர் ஒன்று, நீங்கள் ஒன்று சொல்லிவிட்டால், ஒருவரும் பொய் சொல்லாமலேயே மூவரும் பொய்யர்கள் ஆகிவிடுவீர்கள்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். குடியேற்ற வழக்கறிஞர் அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தயாரித்துக் கொடுக்கும் வேலையில் பதினேழு வருடம் இருந்தவள் நான். ஒரு தம்பதியை நேர்காணலுக்கு அனுப்பிவிட்டு வெளியே காத்திருந்தேன். அந்தப் பெண் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள், கண் கலங்கியிருந்தது. "முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்?" என்று மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டிருக்கிறார். இவள் பொண்ணு பார்க்க வந்த தேதியைச் சொல்லியிருக்கிறாள். அன்று வந்தவர்கள் மாப்பிள்ளையின் அப்பா அம்மா மட்டும். மாப்பிள்ளையோ, தான் விமான நிலையத்தில் அவளைப் பார்த்த தேதியைச் சொன்னார். நடுவில் ஏழு மாதம். "பார்த்தது" என்ற ஒரே சொல்லுக்கு நம் மொழியில் எத்தனை பொருள் என்று விளக்கி நீண்ட கடிதம் எழுதினோம். அது முடிய நான்கு மாதம் ஆனது. அதனால் நீங்கள் இருவரும் இன்றைக்கே உட்கார்ந்து தேதிகளை எழுதுங்கள். ஜாதகம் வந்தது, போட்டோ வந்தது, நேரில் பார்த்தது, சம்மதம் சொன்னது, எல்லாமே தனித்தனி நாட்கள்.

ஒருவேளை, கிளம்பும்போதே "அவரைப் பார்த்துப் பிடித்தால் அங்கேயே இருந்துவிடலாம்" என்ற நினைப்பு மனதில் இருந்ததா? இருந்தால் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். க்ரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில், இதற்கு முன் விசாவுக்கோ நுழைவதற்கோ தவறான தகவல் தந்ததுண்டா என்று ஒரு கேள்வியே இருக்கிறது. எண்ணம் மட்டும் இருந்தது, வாயால் பொய் சொல்லவில்லை என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. குடிமகனின் மனைவி விஷயத்தில், வேறு பாதகமான அம்சம் இல்லாதபோது முன்கூட்டிய எண்ணம் ஒன்றை மட்டும் வைத்துப் பொதுவாக மறுக்கக் கூடாது என்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 1980-இலேயே சொல்லியிருக்கிறது. பொய் சொன்னவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது.

கணவரின் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. முறையாகப் பரிசோதிக்கப்பட்டு நாட்டுக்குள் வந்தவர், குடிமகனின் மனைவியாக இருந்தால், ஐ-94-இல் உள்ள தேதி, அதாவது தங்க அனுமதித்த கடைசித் தேதி, தாண்டிய பிறகும் உள்ளே இருந்தபடியே க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். கணவரிடம் க்ரீன் கார்டு மட்டும் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. இதே நிலையில் இருக்கும் மற்ற வாசகிகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த மன்னிப்பு நாட்டுக்குள் இருக்கும்வரைதான். தேதிக்கு மேல் 180 நாளைத் தாண்டித் தங்கிவிட்டு வெளியே போனால் மூன்று வருடம் திரும்ப முடியாது, ஒரு வருடத்தைத் தாண்டினால் பத்து வருடம். அதோடு 2025 பிப்ரவரியில் வந்த உத்தரவின்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு, தங்கும் அனுமதியும் முடிந்திருந்தால், குடியேற்ற நீதிமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்புகிறார்கள். "பேசாமல் இரு" என்ற யோசனையை இந்தக் காலத்தில் நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தையும் போட்டுவிட்டு ஊருக்கும் போய்வருவது என்ற அந்தத் திட்டம் ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஐ-485 போட்ட பிறகு, அட்வான்ஸ் பரோல் என்ற முன்அனுமதி கைக்கு வராமல் விமானம் ஏறினால் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கணக்கு. 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி அதற்கு மட்டும் 1,440 டாலர், மனைவிக்காகக் கணவர் போடும் ஐ-130 மனுவுக்கான பணம் தனி. பணம் போனால் போகட்டும், திரும்பி வரும் வழியும் அடைபட்டுவிடும். பத்து வருட விசாவைக் காட்டி மறுபடி இறங்கலாம் என்று நினைக்கிறீர்கள். குடிமகனின் மனைவி, எடிசனில் வீடு, நிலுவையில் க்ரீன் கார்டு மனு. உங்களை விசிட்டர் என்று எந்த அதிகாரி நம்புவார்? அங்கேயே திருப்பி அனுப்பி, ஐந்து வருடத் தடையும் போட அவருக்கு அதிகாரம் இருக்கிறது.

அட்வான்ஸ் பரோல் ஐ-131 படிவத்தில் கேட்பது, வருவதற்குப் பல மாதம் ஆகும். குடும்பத்தில் அவசரச் சிகிச்சை என்றால் உள்ளூர் அலுவலகத்தில் அவசர அனுமதி கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். அதை நம்பி ஆபரேஷன் தேதியைக் குறிக்க முடியாது.

ஆக உங்கள் முன் இரண்டு வழிதான். ஒன்று, ஜூலை 11-க்குள் ஐ-130, ஐ-485 எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிட்டு, அனுமதி வரும்வரை இங்கேயே இருப்பது. அப்பாவின் ஆபரேஷனை வீடியோ காலில்தான் பார்க்க வேண்டியிருக்கும். இன்னொன்று, ஜூலை 11-க்கு முன் ஊருக்குக் கிளம்பிவிடுவது. கணவர் இங்கிருந்து ஐ-130 போடுவார், அது ஏற்கப்பட்ட பிறகு மும்பைத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். தேதிக்குள் கிளம்பியதால், அதிக நாள் தங்கியதற்கான தடை எதுவும் உங்கள்மீது விழாது. விலை, பிரிவு. ஒரு வருடத்துக்கு மேலேயே ஆகலாம். அவர் லீவு போட்டு உங்களைப் பார்க்க வரலாம், நீங்கள் இங்கே வர முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால், இரண்டாவது வழி. சட்டம் இரண்டுக்குமே இடம் தருகிறது, அதனால் சட்டத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. பைபாஸ் முடிந்து ஐசியூ வாசலில் யார் உட்காருவது என்ற கேள்விக்கு உங்கள் வீட்டில் வேறு பதில் இருக்கிறதா? அக்கா கைக்குழந்தையோடு இங்கே இருக்கிறார். அம்மா தனி. உங்களுக்கு ஒரு தம்பியோ சித்தப்பாவோ அங்கே இருந்து பார்த்துக்கொள்வார்கள் என்றால் முதல் வழியை எடுங்கள், அதிலும் குறையில்லை. ஆனால் அப்பாவுக்கு ஏதாவது ஒன்று என்று நடு இரவில் போன் வந்து, கையில் அட்வான்ஸ் பரோல் இல்லாமல் சூட்கேஸை எடுத்து வைத்து அழுதவர்களை எனக்குத் தெரியும். கணவரோடு இதை மனம்விட்டுப் பேசுங்கள். ஒரு வருடப் பிரிவைத் தாங்கும் கல்யாணமா என்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

எந்த வழியானாலும் பிறப்புச் சான்றிதழை இன்றே எடுத்துப் பாருங்கள். நம் பக்கம் பலருடையதில் "பெண்" என்று மட்டும் இருக்கும், பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படி இருந்தால் பதிவு செய்த நகராட்சியிலோ ஊராட்சியிலோ பெயரைச் சேர்க்க அம்மாவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பள்ளிச் சான்றிதழும் நெருங்கிய உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்ததா? அப்படியானால் விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயருக்குப் பதில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று ஆங்கில எழுத்து விழுந்திருக்கும். கல்யாணச் சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே காட்டுங்கள். தமிழில் மட்டும் உள்ள காகிதத்துக்கு, மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆவதற்குள் கிடைக்கும் க்ரீன் கார்டு இரண்டு வருடத்துக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 படிவத்தைப் போட வேண்டும், வழக்கமாக இருவரும் கையெழுத்திட்டு. கணவரைப் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியே இருக்கட்டும். ஆனாலும் பெண்கள் எல்லோருக்கும் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன்: பாஸ்போர்ட், ஐ-94 அச்சுப்பிரதி, கல்யாணச் சான்றிதழ், அனுப்பிய படிவங்களின் நகல் எல்லாம் உங்கள் கையில் ஒரு தொகுப்பு இருக்க வேண்டும். கொடுமை நடந்தால் கணவர் கையெழுத்து இல்லாமலேயே விண்ணப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு.

படிவம் நிரப்பித் தருகிறேன் என்று வரும் ஏஜென்டுகளிடமும் நோட்டரிகளிடமும் போகாதீர்கள். உரிமம் பெற்ற வழக்கறிஞர், அல்லது அமெரிக்க நீதித்துறை அங்கீகரித்த தொண்டு நிறுவனப் பிரதிநிதி, இருவரில் ஒருவரை இந்த வாரமே பாருங்கள். போகும்போது ஜாதகம் வந்த அந்த வாட்ஸ்அப் உரையாடலையும் எடுத்துப் போங்கள். இன்று இரவு அம்மாவைக் கூப்பிட்டு, ஆபரேஷன் தேதியையும் நோயின் விவரத்தையும் மருத்துவமனைத் தாளில் டாக்டர் கையெழுத்தோடு வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். அங்கே போனாலும் இங்கே இருந்து அவசர அனுமதி கேட்டாலும் அந்தக் காகிதம் வேண்டும்.