அடுத்த சைட்டிலும் அதே சுவரா?

கேள்வி: சேலத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஏற்காட்டில் எங்கள் குழு ஒன்று கட்டிய தடுப்புச்சுவர் போன ஐப்பசி மழையில் சாய்ந்தது. வீப் ஹோல் (சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வைக்கும் குழாய்) எல்லாம் மண் அடைத்திருந்தது. இடித்துக் கட்டினோம். இப்போது 4 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குழு அதே தப்பைச் செய்கிறது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் 'கற்றுக்கொண்டவை' என்று படிவம் வாங்குகிறேன். ஒருவரும் படிப்பதில்லை. என்ன செய்யலாம்?
- பெயர் வேண்டாம், அஸ்தம்பட்டி

பதில்: அந்தப் படிவத்தை நானும் படிக்கமாட்டேன். அடுத்த சைட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதித் தள்ளுவது அது. 'வடிகாலில் கவனம் தேவை' என்று இருக்கும். அதை வைத்து யார் என்ன செய்ய முடியும்?

இடித்துக் கட்டிய மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் மண்ணை அப்படியே தள்ளாமல் ஜல்லி நிரப்ப வேண்டும், குழாயின் உள்வாயில் வலை கட்ட வேண்டும், குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்க வேண்டும் என்பார். நல்ல மழைக்கு மறுநாளும் குழாயில் சொட்டுத் தண்ணீர் வரவில்லையா? பின்னால் தேங்கி நின்று சுவரைத் தள்ளுகிறது என்று சந்தேகப்படுவார். இதையெல்லாம் எழுதச் சொன்னால் அவருக்குக் கை வராது. சுவருக்கு முன்னால் நிறுத்தினால் அரை மணி நேரம் பேசுவார்.

அதனால் வேலை முடிந்தபின் எழுத வைப்பதைவிட, தொடங்கும் முன் கேட்க வையுங்கள். பிரிட்டிஷ் பெட்ரோலியம் நிறுவனம் 1990களில் இதை வழக்கமாக்கியது. புது வேலையில் இறங்கும் குழு, அதே மாதிரி வேலை பார்த்தவர்களைத் தானே கூப்பிட்டு விசாரிக்கும். தேவைப்படுகிறவரே கூப்பிடுவதால் காது கொடுத்துக் கேட்பார்.

உங்கள் ஊரில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? கூலியில். மேஸ்திரி ஒரு நாள் அடுத்த சைட்டுக்குப் போனால் அந்தச் சம்பளம் யார் கணக்கில்? ஒவ்வொரு சைட்டுக்கும் தனி பட்ஜெட் போட்டுவிட்டு, தன் ஆளை அனுப்பாத இன்ஜினியரைச் சுயநலக்காரர் என்பது நியாயமில்லை. அந்த ஒரு நாளை அலுவலகக் கணக்கில் எழுத முதலாளியிடம் முதலில் ஒப்புதல் வாங்குங்கள்.

அப்படியே இன்னொன்றும் கேட்டுவிடுங்கள். சுவர் சாய்ந்த அன்று அந்த இன்ஜினியருக்கு என்ன கிடைத்தது? எல்லார் முன்னாலும் திட்டு என்றால், அடுத்தவர் தன் சுவரில் விரிசல் கண்டாலும் பூசி மறைத்துவிடுவார். உபாயம் சொன்னவர் பெயரையாவது வெளியே சொல்லுங்கள். ஜெராக்ஸ் நிறுவனத்தில் மெஷின் பழுதுபார்ப்பவர்களின் குறிப்புகளைத் திரட்டியபோது, கண்டுபிடித்தவர் பெயரோடுதான் மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ, மேஸ்திரி குரலில் இரண்டு நிமிடம், கீழே அவர் பெயர். போதும்.

சரி, இரண்டாவது சுவருக்குப் பின்னால் இன்னும் மண் நிரப்பவில்லை என்றால் நாளைக்கே போய் நிறுத்துங்கள். பழைய மேஸ்திரியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பாதி விஷயத்தைச் சொல்லி முடித்திருப்பார்.