மாதம் ஒரு சவால், மாதக் கடைசியில் என்ன?

கேள்வி: ஜனவரியில் சர்க்கரை இல்லாத டீ, பிப்ரவரியில் காலை நடை, மார்ச்சில் தினச்செலவு எழுதுவது என மாதம் ஒரு சவால் எடுத்தேன். புது மாதம் பிறந்ததும் பழையது காணாமல் போகிறது. ஏன்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முப்பது நாள் போதாது, அதுதான் காரணம். லண்டனில் 96 பேரிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை என்றும் தெரிந்தது.

எனவே அடுத்த சவாலைத் தொடங்கும்போது பழையதைக் குறைத்தாவது வைத்திருங்கள். நாற்பது நிமிட நடை பதினைந்தாகட்டும். மாதக் கடைசியில் காலண்டரை எடுத்து, தவறிய ஒவ்வொரு தேதிக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள். 'சோம்பல்' என்று எழுதக் கூடாது, அது காரணமே இல்லை! நடை தவறியதெல்லாம் தண்ணீர் லாரி வந்த காலைகளா? அப்படியானால் மாற்றவேண்டியது நேரத்தை. மாலை ஆறரைக்குப் போங்கள். பாதி நாளுக்குமேல் தவறியிருந்தால் சவாலின் அளவு அதிகம்.

டீயில் சர்க்கரையை ஒரேயடியாக நிறுத்தாமல், வாரம் அரை ஸ்பூன் குறையுங்கள். செலவை இரவில் எழுதினால் ஷேர் ஆட்டோவுக்கும் பஜ்ஜிக்கும் கொடுத்தது மறந்துபோகும். காசு கொடுத்த கையோடு செல்போனில் குறித்துவிடுங்கள்.