ஓயிஜா பலகை இருந்தாலே 'ஏ' சான்றிதழா?

கேள்வி: முதல் படம் தயாரித்திருக்கிறேன். 1 மணி 52 நிமிடம். கல்லூரி விடுதியில் மூன்று பெண்கள் ஓயிஜா பலகையில், அதாவது எழுத்துகள் வரைந்த பலகையில், நாணயம் வைத்து ஆவியைக் கூப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தியின் 9 வயதுத் தங்கைக்குப் பேய் பிடிக்கிறது. முதலில் கோடாங்கி, பிறகு ஒரு பாதிரியார் வந்து ஓட்டுகிறார்கள். "பேய் பிடிக்கிற படம் என்றாலே ஏ-தான், 4 லட்சம் கொடுங்கள், யுஏ 16+ உத்தரவாதம்" என்கிறார் ஒரு சென்சார் ஏஜென்ட். ரிலீஸுக்கு ஏழு வாரம்தான் இருக்கிறது. எதையெல்லாம் வெட்ட வேண்டும்? 'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: அந்த 4 லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

ஓயிஜா பலகை வந்தால் ஏ, பேய் பிடித்தால் ஏ என்று சட்டத்திலும் இல்லை, விதியிலும் இல்லை. சென்சார் போர்டு கையில் வைத்திருப்பது 1991 டிசம்பர் 6-ல் வெளியான வழிகாட்டுதல்கள். அதில் உங்கள் படத்தைத் தொடுகிற வரிகள் மூன்று. குழந்தைகளை வன்முறைக்கு ஆளாக்குவதாகவோ, வன்முறை செய்பவர்களாகவோ காட்டுவது ஒன்று. தேவையே இல்லாத வன்முறை, கொடூரம், திகில் காட்சிகள் இரண்டாவது. பிற்போக்கான, அறிவியலுக்கு எதிரான மனப்போக்கை வளர்ப்பது மூன்றாவது. படத்தை மொத்தமாகப் பார்த்து அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. உங்களுக்குச் சாதகமான வரி அதுதான். சில சமயம் பாதகமான வரியும் அதுவே. 2013-ல் வந்த 'தி கான்ஜுரிங்' படத்தில் ஆபாசம் கிடையாது, ரத்தமும் குறைவு. அப்படியும் அமெரிக்காவில் 'ஆர்' கொடுத்தார்கள், அதாவது 17 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் கூட வர வேண்டும். மனத்தைக் கலக்கும் வன்முறையும் பீதியும் இருக்கிறது என்பதுதான் காட்டிய காரணம். அடுத்த வருடமே, 2014-ல், 'ஓயிஜா' என்றே பெயர் வைத்து வந்த படத்துக்கு அதே நாட்டில் பிஜி-13 கிடைத்தது, அது பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டும்தான். பலகை ஒரு பிரச்சினையே இல்லை. பயம் யார் மேல் இறங்குகிறது, எவ்வளவு நேரம் இறங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

யுஏ 16+ வேண்டும் என்று நீங்கள் ஏன் நினைக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஏ வாங்கினால் 18 வயதுக்குக் கீழே யாரையும், அப்பா அம்மா கூட வந்தாலும், தியேட்டருக்குள் விடக் கூடாது. டிவிக்கு விற்க வேண்டுமென்றால் எடிட் செய்து மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். அதைச் சொல்லியே சாட்டிலைட் விலையை அடிப்பார்கள். யுஏவை 7+, 13+, 16+ என்று பிரித்தது 2023-ல் வந்த சட்டத் திருத்தம், விதிகள் 2024 மார்ச்சில் வந்தன. இந்த வயது எண் பெற்றோருக்கான குறிப்பு மட்டும்தான். யுஏ 16+ படத்துக்கு வருகிற பன்னிரண்டு வயதுப் பையனை வாசலில் நிறுத்த தியேட்டர்காரருக்கு அதிகாரம் இல்லை. இது தெரியாத விநியோகஸ்தர்கள் 16+ என்றதும் முகம் சுளிப்பார்கள். விதியை எடுத்துக் காட்டுங்கள்.

இனி வெட்டு. பேயோட்டும் காட்சியை எடிட் மேஜையில் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பாருங்கள். கோடாங்கி உடுக்கை அடிப்பது, வேப்பிலை வீசுவது, குழந்தை தலைவிரித்து ஆடுவது, இவை நிற்கும். பிரம்பு குழந்தையின் உடம்பில் படுகிற ஷாட் ஒன்றுகூட நிற்காது. "ஷாட்டை எடுத்துவிட்டு ஓசையை மட்டும் வைத்துக்கொள்கிறோம்" என்று எடிட்டர் சொல்வார். இருட்டில் எட்டுத் தடவை பிரம்பு விழுகிற ஓசை கேட்டால் காட்டாமலே காட்டியதாகத்தான் கணக்கு. ஒரே ஒரு ஓசை, உடனே பார்க்கிறவளின் முகம், அதோடு வெளியே வந்துவிடுங்கள். குழந்தையைக் கட்டிலில் கட்டியிருக்கிற காட்சியில் கயிறு மணிக்கட்டில் இறுகுவதை நெருக்கத்தில் காட்டாதீர்கள். பிளேடு, கண்ணாடித் துண்டால் கையில் எழுத்துக் கீறுவது இந்த வகைப் படங்களில் வழக்கமாக வரும். அதை நீங்களே எடுத்துவிடுங்கள். ஆவியாக வருகிறவள் தற்கொலை செய்துகொண்டவள் என்று கதை இருந்தால், எப்படிச் செத்தாள் என்ற விவரம் தெரிகிற ஷாட் வேண்டாம். நாணயம் நகர்ந்து 'நீயும் வா' என்று எழுத்துக் கூட்டுகிற இடம் இருந்தால் அதுவும் போகட்டும்.

பலகைக் காட்சியில் ஒரு வேடிக்கை. தமிழில் 247 எழுத்து, ஒரு பலகையில் அடங்காது. அதனால் திருச்சிக்காரி செத்து ஆவியானாலும் ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டித்தான் பேச வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. விண்ணப்பத்தோடு கொடுக்கிற வசனப் பிரதியில் நாணயம் கூட்டுகிற சொற்களையும் வசனமாக எழுதுங்கள். பேய்க் குரல், தலைகீழாக ஓடவிட்ட ஒலி, பாதிரியார் முணுமுணுக்கிற லத்தீன், எல்லாவற்றையும் பொருளோடு எழுதுங்கள். 'அலறல்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டுப் போனால், படம் பார்க்கிற சென்சார் கமிட்டி உறுப்பினர் காதில் என்ன விழுகிறதோ அதுதான் வசனம்.

அறிவியலுக்கு எதிர் என்ற வரிக்கு, 'இப்படம் மூடநம்பிக்கையை ஆதரிக்கவில்லை' என்ற அட்டை போட்டால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அட்டை போடுங்கள், தப்பில்லை. ஆனால் பலகையை எப்படி வரைவது, எத்தனை மணிக்கு, எந்தச் சொல்லைச் சொல்லி, எப்படி முடித்துவைப்பது என்று முழுச் செய்முறையும் படத்தில் இருந்தால் அட்டை காப்பாற்றாது. விரல் வைத்தவர்களின் தசை தங்களுக்கே தெரியாமல் அசைவதால்தான் நாணயம் நகர்கிறது என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டார்கள். உங்கள் படத்தில் யாராவது ஒருத்தி அதை அரை நிமிடம் சொன்னால் கதைக்கு ஒரு கேடும் வராது. பார்க்கிறவன் எப்படியும் அவளை நம்பப் போவதில்லை.

கோடாங்கி வாயில் சுருட்டு இருக்கிறதா? படையலில் சுருட்டு இருக்கிறதா? இருந்தால் அது புகையிலை. சாமிக்கு வைத்தது என்ற விலக்கு கிடையாது. படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 விநாடி எச்சரிக்கைப் படமும் 20 விநாடி விளக்கமும் வரவேண்டும். சுருட்டு தெரிகிற ஒவ்வொரு ஷாட்டிலும் அடியில் எச்சரிக்கை வரி ஓட வேண்டும். உச்சக்கட்டப் பேயோட்டலில் அந்த வெள்ளை எழுத்து எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சாம்பிராணிப் புகை எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

கோடாங்கி வந்தால் படத்தில் சேவலும் வந்திருக்கும், இப்போது அதற்கு வருகிறேன். ஏஜென்ட் இதைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். உங்கள் ஏழு வாரத்தையும் தின்னக்கூடியது இதுதான். கறுப்புப் பூனை, சேவல், ஆந்தை, நாய், பல்லி என்று எந்த உயிர் திரையில் வந்தாலும் விலங்கு நல வாரியத்தின் அனுமதி வேண்டும். 2001-ல் வந்த விதிப்படி படப்பிடிப்புக்கு முன்னால் அனுமதி, எடுத்த பிறகு தடையில்லாச் சான்று. கால்நடை மருத்துவர் சான்று, உரிமையாளர் விவரம் எல்லாம் கேட்பார்கள். கணினியில் செய்த பூனை என்றாலும் விடமாட்டார்கள், கணினியில் செய்ததற்கான ஆதாரத்தோடு போக வேண்டும். யாரோ முன்பே எடுத்து விற்கிற ஸ்டாக் காட்சி வாங்கியிருந்தால் வாங்கிய ரசீது. கோடாங்கி குடிசைக்குப் பின்னால் தானாக மேய்ந்துகொண்டிருந்த கோழியையும் பட்டியலில் சேருங்கள். ஆந்தை உயிருள்ளது என்றால் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும், கிராபிக்ஸுக்குப் போய்விடுங்கள்.

சேவல் அறுக்கிற காட்சிக்கு எல்லோரும் ஒரே வாதத்தோடுதான் வருகிறார்கள். "எங்கள் கோயிலில் வருடா வருடம் அறுக்கிறோம், அது சட்டப்படி சரி, அதைப் படம் எடுத்தால் மட்டும் தப்பா?" பாதி உண்மை. தமிழ்நாட்டில் 1950-ல் போட்ட உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2004-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆவது பிரிவும், ஒரு சமூகத்தின் மதம் கேட்கிற முறையில் உயிரைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. இரண்டும் சரி. ஆனால் அந்த விலக்கு கும்பிடுகிறவனுக்கு. 'டேக் டூ' சொல்லி அறுக்கிறவனுக்கு இல்லை. உங்கள் ஆட்கள் நிஜமாகவே அறுத்து எடுத்திருந்தால் அந்தக் காட்சியை மறந்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் எடுத்த மற்ற விலங்குக் காட்சிகளை இன்றைக்கே தனியாகப் பட்டியலிட்டு, எது இல்லாமல் கதை ஓடும் என்று பாருங்கள். இந்த வாரியம் முன்பு சென்னையில் திருவான்மியூரில் இருந்தது. பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிடலாம். இப்போது ஹரியானாவில் பல்லப்கரில் இருக்கிறது. ஒரு சேவலுக்காக ஈரோட்டிலிருந்து ஹரியானாவுக்குக் காகிதம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும் என்று எவர் முடிவு செய்தாரோ, அவர் ஒரு நாளும் படம் எடுத்திருக்க மாட்டார்.

அந்த 9 வயதுக் குழந்தை நடிகைக்குக் கலெக்டர் அனுமதி வாங்கினீர்களா? ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். காகிதங்களைக் கோப்பில் வையுங்கள்.

ஏஜென்ட் செய்வது என்ன என்று சொல்கிறேன். விண்ணப்பம் சென்சார் போர்டின் இ-சினிபிரமாண் இணையதளத்தில் போடுவது. தயாரிப்பாளர் பெயரில், தயாரிப்பாளரின் தொலைபேசி எண்ணில், நீங்களே கணக்குத் திறக்கலாம். ஏஜென்ட் முதலில் கேட்பது அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை. கொடுத்துவிட்டால் போர்டிலிருந்து வரும் செய்தி அவருக்குப் போகும், உங்களுக்கு அவர் சொல்வதுதான் செய்தி. "மூன்று கட்தான் கேட்டார்கள்" என்று வந்திருக்கும். அவர் அதைப் "ஏ என்றார்கள், நான் பேசி மாற்றினேன்" என்பார். பணத்துக்கு ரசீது தரமாட்டார். யுஏ வந்தால் தன்னால் வந்தது, ஏ வந்தால் கமிட்டி சரியில்லை. அவசரத்துக்கு முன்னுரிமைத் திரையிடல் கேட்க விதியிலேயே வழி இருக்கிறது. காரணம் எழுதி, கூடுதல் கட்டணம் கட்டிக் கேட்பது அது. அதையே 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று விற்பார்கள். தேதியை போஸ்டரில் அடித்த அன்றிலிருந்து இவர்களுடைய விலை ஏறும். நீங்கள் இன்னும் அடிக்கவில்லை என்றால் அடிக்காதீர்கள். தட்டச்சு செய்ய, காகிதம் அடுக்க ஆள் வேண்டுமென்றால் ஒரு துணை இயக்குநருக்குச் சம்பளம் கொடுங்கள்.

படத்தைப் பார்ப்பது ஒரு அதிகாரியும் நான்கு உறுப்பினர்களும், அதில் குறைந்தது இரண்டு பெண்கள். அந்த நாள் திரையிடுகிற இடத்தில் காத்திருங்கள். முடிவு சொல்லும்போது வாதாடாமல் ஒவ்வொரு ஆட்சேபத்தையும் எந்த நிமிடம், எந்த விநாடி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'குழந்தைக் காட்சியைக் குறைக்கவும்' என்று மொட்டையாகச் சொன்னால், எத்தனை விநாடி என்று கேளுங்கள். ஏ என்று சொன்னால் எதை எடுத்தால் யுஏ 16+ கிடைக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஒத்துவராவிட்டால் படத்தை மறுபடி பார்க்கிற ரிவைசிங் கமிட்டி இருக்கிறது, அதில் வேறு உறுப்பினர்கள். அதற்கு மேல் முறையிட முன்பு டிரிபியூனல் என்ற தீர்ப்பாயம் இருந்தது. 2021-ல் அதைக் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். முதல் படத் தயாரிப்பாளர் ஒருவர் நான்கு விநாடி ஷாட்டுக்காக உயர் நீதிமன்றம் போகட்டும் என்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. அதனால் முதல் கமிட்டியிலேயே முடிக்கப் பாருங்கள்.

'ஓயிஜா' என்பதைத் தலைப்பில் வைக்காதீர்கள். 1891-ல் அமெரிக்காவில் பால்டிமோர்க்காரர் ஒருவர் வாங்கிய காப்புரிமை என்றோ முடிந்துவிட்டது, எழுத்துப் பலகையை யாரும் வரையலாம். பெயர் மட்டும் வணிக முத்திரை, இன்று ஹாஸ்ப்ரோ என்ற அமெரிக்க பொம்மை நிறுவனத்திடம் இருக்கிறது. கடையில் வாங்கிய பலகையை வைத்து எடுத்திருந்தால் பெயர் தெரிகிற ஷாட்களை மட்டும் மாற்றுங்கள். 'உண்மைச் சம்பவம்' அட்டைக்கு ஆதாரம் கேட்பார்கள். செய்தித்தாள் துண்டு, அந்தக் குடும்பத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இரண்டும் கையில் இருந்தால் போடுங்கள். வாட்ஸ்அப்பில் படித்த கதை என்றால் அட்டையையும், டிரெய்லரில் அதைச் சொல்கிற பின்னணிக் குரலையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிச் சான்றிதழ், அதற்குத் தனி விண்ணப்பம்.