வீட்டில் புரோவா கட்டி ஓட்டுவது: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

என் ஊர் தூத்துக்குடி. இப்போது இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த். ஆறு வருடத்தில் வாடகை வீட்டுக் கார் ஷெட்டில், பக்கத்தில் மிதவை உள்ள பசிபிக் தீவுப் பாய்ப்படகான புரோவாவில் மூன்று கட்டி, ஸ்வான் ஆறு அகன்று ஏரி போலக் கிடக்கும் இடத்தில் ஓட்டியிருக்கிறேன். படகின் படத்தைப் போட்டதும் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, புரோவா என்பது கட்டமரான்தானே? ஏன் ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சின்னது?

இல்லை தம்பி. கட்டமரான் என்ற பேர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, ஆனால் இன்றைக்கு அந்தப் பேரில் ஓடுவது ஒரே அளவில் இரண்டு உடல் உள்ள படகு. புரோவாவில் ஆள் உட்காரும் நீண்ட ஒல்லியான உடல் ஒன்று, அதிலிருந்து இரண்டு குறுக்குக் கம்புகள் நீட்டி அதன் முனையில் ஒரு சின்ன மிதவை. பசிபிக் தீவுக்காரர்கள் கண்டுபிடித்த முறையில் அந்த மிதவை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்க வேண்டும். காற்று பாயைத் தள்ளிப் படகைச் சாய்க்கப் பார்க்கும்போது மிதவையின் எடை எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்கும். மிதப்பதைவிட, எடைக்கல்லாக இருப்பதுதான் அதன் முக்கிய வேலை. அது லேசாகத் தண்ணீரை விட்டு எழும்பி, நுனி மட்டும் அலையை உரசிக்கொண்டு போகும் நேரத்தில் படகு பறக்கும்.

1742ல் பசிபிக்கின் டினியன் தீவில் தங்கிய பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஆன்சனின் ஆட்கள் இந்த வகைப் படகு ஒன்றை அளந்து வரைந்துகொண்டு போனார்கள், நல்ல காற்றில் மணிக்கு 20 மைல் வரை ஓடும் என்று அந்தப் பயணக் குறிப்பில் கணக்கு இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பியக் கப்பல்களுக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத வேகம்.

கேள்வி: மிதவை எப்போதும் காற்றுப் பக்கம் என்றால் திரும்பி வருவது எப்படி? திரும்பினால் அது மறுபக்கம் போய்விடாதா?

இதுதான் புரோவாவின் உயிர், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். புரோவா திரும்புவதே இல்லை. அணியம் (முன்முனை) அமரமாகிறது (பின்முனை), அமரம் அணியமாகிறது. வந்த படகு அப்படியே பின்பக்கமாகப் போகத் தொடங்கும், அவ்வளவுதான்.

செய்முறை இது. பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை விட்டுவிடுங்கள். பாய் காற்றுப் போகும் திசையில் கொடி போலப் படபடக்கும், படகு தானாக வேகம் குறைந்து, மிதவையைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு குறுக்காக நின்றுவிடும். நிற்கும் படகில் அவசரமே வேண்டாம், அது நல்ல பிள்ளையாகக் காத்திருக்கும். என் படகில் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு கம்புகளுக்கு நடுவே கட்டிய முக்கோணப் பாய். அந்தக் கம்புகள் சேரும் மூலை அணியத்தில் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். அதைத் தூக்கி, பாய்மரத்தைத் தாண்டி நடந்து, மறுமுனையில் உள்ள குழியில் வைக்க வேண்டும். பாய்மரம் அடியில் கட்டுத் தளர்வாக இருப்பதால் அதுவும் கூடவே புதிய அணியத்தின் பக்கம் சாயும். துடுப்பைப் புதிய பின்முனைக்குக் கொண்டு போங்கள், தாமானை இழுங்கள், ஒரு நொடி ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், பிறகு படகு வந்த வழியே கிளம்பும்.

முதல் மாதம் இதற்கு எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பாய்க்கம்பு கையில், கயிறு காலில் சுற்றிக்கொண்டு, துடுப்பு தண்ணீரில். இப்போது 15 நொடி. ஒட்டுப்பலகை வாங்கும் முன்னாலேயே பாயையும் மரத்தையும் புல்தரையில் நட்டு இந்த நடையை ஐம்பது தடவை நடந்து பாருங்கள். படகு கட்டும் பலரும் பெயிண்டுக்கும் பாலிஷுக்கும் கொடுக்கும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மிதவையைக் காற்றுப் போகும் பக்கம் வைத்து ஓட்டும் புரோவாவும் உண்டாமே?

உண்டு. அதை அட்லாண்டிக் புரோவா என்பார்கள். டிக் நியூவிக் வடிவமைத்த 40 அடி 'சியர்ஸ்' அந்த வகை, 1968ல் அட்லாண்டிக் கடலைத் தனியாளாகக் கடக்கும் பந்தயத்தில் டாம் ஃபாலெட் அதை ஓட்டி மூன்றாவதாக வந்தார். அந்த முறையில் மிதவை படகின் சாய்வை முழுதாகத் தாங்க வேண்டும், அதனால் பெரிசாகவும் உறுதியாகவும் கட்ட வேண்டும். வீட்டில் கட்டுகிறவருக்கு பசிபிக் முறைதான் சுலபம், செலவும் கம்மி.

கேள்வி: வாடகை வீடு, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வீடு மாறுகிறோம். இதில் படகு கட்ட முடியுமா?

முடியும், சொல்லப்போனால் புரோவா இதற்கென்றே பிறந்தது. எல்லாவற்றையும் கயிற்றால் கட்டுவதால் இருபது நிமிடத்தில் பிரித்துவிடலாம். என் மூன்றாவது படகின் உடல் 5.5 மீட்டர், அகலம் 40 செ.மீ. மிதவை 3.6 மீட்டர், எடை 15 கிலோ. இரண்டுக்கும் நடுவே 2.2 மீட்டர். பெரிய உடல் காரின் கூரையில் போகும், மற்றதெல்லாம் அதன் பக்கத்தில். குறுக்குக் கம்புகளுக்கு போல்ட் போடாதீர்கள். அலையில் உடலும் மிதவையும் தனித்தனியாக நெளிய வேண்டும், போல்ட் போட்ட இடத்தில் ஓட்டை அகன்று பலகை பிளக்கும், கயிறு விட்டுக்கொடுக்கும். என் முதல் படகு போல்ட்டில்தான் போனது.

6 மி.மீ. மரைன் ஒட்டுப்பலகையை வெட்டி, ஓரத்தில் துளையிட்டு, கேபிள் டையால் தைத்து, உள்மூலையில் மரத்தூள் கலந்த எபாக்ஸிப் பசை பூசி, மேலே கண்ணாடி நார்த்துணி ஒட்டுவதுதான் முறை. இங்கே கோடையில் 38 டிகிரி சாதாரணம். எபாக்ஸியைக் குவளையில் கலந்து அப்படியே வைத்தால் பத்து நிமிடத்தில் குவளை சூடேறிப் புகையும், பிளாஸ்டிக்கே உருகும். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள், காலை ஆறு மணிக்கே வேலையைத் தொடங்குங்கள், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடவே வேண்டாம். முதல் பாய்க்குத் தார்ப்பாய் போதும். கம்புக்குப் பழைய விண்ட்சர்ஃப் பாய்மரங்களைத் தேடி வாங்குங்கள். எல்லாம் சேர்த்து எனக்கு 1,400 டாலர் ஆனது.

கேள்வி: எவ்வளவு காற்று வரைக்கும் தாங்கும்?

என் படகின் கணக்கைச் சொல்கிறேன், உங்களுடையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். மிதவை 15 கிலோ, தூரம் 2.2 மீட்டர், பெருக்கினால் 33. என் எடை 70 கிலோ, மிதவைப் பக்கம் 1 மீட்டர் நகர்ந்து உட்கார்ந்தால் 70. மொத்தம் 103. பாய் 8 சதுர மீட்டர், 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) காற்றில் அது சாய்க்கும் விசை இதே கணக்கில் ஏறக்குறைய 50, அதாவது கையில் பாதி மிச்சம் இருக்கிறது. காற்று 18 நாட் ஆனால் அழுத்தம் ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டேகால் மடங்காகும். 112. படகு கவிழும் பக்கம் போய்விட்டது. இங்கே கோடை மதியத்தில் 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்ற தென்மேற்குக் காற்று கிளம்பும், பன்னிரண்டு மணிக்கு இலை அசையாமல் இருந்த ஆறு இரண்டு மணிக்கு நுரை நுரையாக இருக்கும். அதனால் நான் காலையில் போய்ப் பதினொன்றுக்குக் கரை ஏறிவிடுவேன்.

கேள்வி: கவிழ்ந்திருக்கிறீர்களா?

இரண்டு தடவை. ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் புரோவாவுக்கே உரிய ஆபத்து அது. பாயிண்ட் வால்டர் மணல்திட்டுக்கு அருகே, கரையின் மேட்டைச் சுற்றி வந்த காற்று சட்டென்று திசை மாறிப் பாயின் தப்பான பக்கத்தில் அடித்தது. அப்படி அடித்தால் பாய் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், தாமானை விட்டாலும் காற்று வெளியேறாது. மரத்தைத் தாங்கும் கயிறு மிதவைப் பக்கம் மட்டும்தான் இருக்கும், அதனால் மரம் மிதவையின் மேலேயே விழுந்து அதை அமுக்கியது. என் பழைய மிதவைக்கு அவ்வளவு மிதப்பு இல்லை. இரண்டு நொடியில் தண்ணீரில் இருந்தேன், இடுப்பளவு ஆழம் என்பதால் தப்பித்தேன். அதன் பிறகு மூன்று மாற்றங்கள் செய்தேன். மிதவை முழுதாக மூழ்கினாலும் 80 கிலோ தாங்கும்படி கட்டினேன். மரம் மிதவைப் பக்கம் சாயாதபடி ஒரு முட்டுக்கம்பு வைத்தேன். கண் முன்னாலேயே குறுக்குக் கம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன், அது தளர்ந்து ஆடத் தொடங்கினாலே படகின் திசையைத் திருத்திவிடுவேன். உயிர்ச்சட்டை போடாமல் ஒரு தடவைகூடப் போனதில்லை, நீங்களும் போகாதீர்கள்.

கேள்வி: லைசென்ஸ், பதிவு?

மேற்கு ஆஸ்திரேலியாவில் மோட்டார் இல்லாத பாய்ப்படகுக்குப் பதிவு தேவையில்லை. மோட்டார் மாட்டினால் பதிவு வேண்டும், 6 குதிரைத்திறனைத் தாண்டினால் ஓட்டுபவருக்குச் சான்றும் வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் நீர்கொழும்பு. எங்கள் ஊர் ஓருவ என்ற மீன்பிடிப் படகும் இதுதானா?

ஆமாம் ஐயா, நீங்கள் கேட்டது ரொம்பச் சந்தோஷம். ஓருவவும் மிதவையைக் காற்றுப் பக்கம் வைத்து, முனை மாற்றி ஓடுகிற படகுதான். இடுப்பு நுழைய இடமில்லாத அந்த ஒல்லி உடலும், அதற்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி நிற்கும் அந்தப் பெரிய பாயும், மிதவையின் எடையை நம்பித்தான் சேர்ந்து நிற்கின்றன. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாராவது பாய் மாற்றுவதை வீடியோ எடுத்து அனுப்பினால் நான் பார்த்துக் கற்றுக்கொள்வேன். பசிபிக்கின் மார்ஷல் தீவுகளில், மாஜுரோவில், இளைஞர்களுக்குப் படகு கட்டவும் ஓட்டவும் சொல்லித்தருகிறார்கள், அந்த மாதிரி ஒன்று நம் கரைகளிலும் வேண்டும்.

கேள்வி: சிங்கப்பூரில் பன்னிரண்டாவது மாடி அண்ணா. எங்கிருந்து தொடங்குவது?

60 செ.மீ. மாதிரியிலிருந்து. தெர்மோகோலில் உடல், மூங்கில் குச்சியில் கம்பு, பிளாஸ்டிக் பையில் பாய். குழந்தைகள் குளத்தில் விட்டு, மிதவையின் மேல் நாணயங்களை ஒன்றொன்றாக வைத்துப் பாருங்கள். இரண்டு நாணயத்தில் கவிழும், ஐந்தில் நிமிர்ந்து ஓடும், பத்தில் மிதவை தண்ணீரில் இழுபட்டுப் படகு காற்றுப் பக்கமே வளைந்து வளைந்து போகும். அந்த வளைவைச் சரிசெய்ய பாயின் மூலையை ஒரு விரல் முன்னால் நகர்த்திப் பாருங்கள். என் மகள் ஒன்பது வயதில் இதைச் செய்துதான் மூன்றாவது படகில் மரம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினாள், பென்சிலால் அவள் போட்ட கோடு இன்னும் அந்தப் பலகையில் இருக்கிறது.